புரியும்படிச் சொல்வதும் நீதியே

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ள சிற்றூர் ஒன்றில் என் தங்கை வசிக்கிறார். அவருடைய மகனுக்கு வயது முப்பத்து நான்கு. டவுன் நோய்க்குறியுடன் பிறந்தவர். பேருந்தில் தனியாகச் சென்று வருவார். கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவார். எழுத்துக்கூட்டி ஊர்ப் பெயர்களைப் படிப்பார். ஆனால், ஒரு பத்தியைப் படித்துப் பொருள் கொள்வது அவருக்கு இயலாது. வீட்டில் அவரை 'அவன்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முப்பத்து நான்கு வயது மனிதரைப் பற்றிப் பொதுவெளியில் எழுதும்போது 'அவர்' என்று எழுதுவதே முறை என்பதை இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோதுதான் உணர்ந்தேன்.

கடந்த மழைக்காலத்தில் அவர் ஒரு துண்டறிக்கையோடு என்னிடம் வந்தார். அருகிலுள்ள ஆலைகளில் விஷவாயுக் கசிவு ஏற்பட்டால் மக்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்கும் அறிக்கை அது. பொடி எழுத்தில் இருபத்தைந்து வரிகள். 'மேற்படி அசம்பாவிதம் நிகழும் பட்சத்தில் பொதுமக்கள் பதற்றமடையாமல் காற்றின் திசைக்குக் குறுக்காகப் பாதுகாப்பான இடத்துக்கு இடம்பெயருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்ற பாணியில் வாக்கியங்கள். தாளின் மூலையில் முகமூடி அணிந்த வெளிநாட்டவர் ஒருவரின் படம்.

'இதுல என்ன மாமா போட்டிருக்கு?' என்று கேட்டார். நான் விளக்க முயன்றேன். பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த எனக்கே அந்தத் தாளை எளிய சொற்களில் சொல்ல வரவில்லை. அதற்குள் அவர் படத்தைச் சுட்டிக்காட்டி அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்: 'இவரு யாரு? டாக்டரா?'

இந்தக் கேள்வியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. மீனவ கிராம மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் வீதிக்கு வந்தனர். மூச்சுத் திணறலுடன் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அப்படியோர் இரவில், செய்ய வேண்டியதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாடு உயிரோடு தொடர்புடையது.

போபால் பேரழிவுக்குப் பிறகு, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அபாயகரமான உற்பத்தி முறைகளைக் கொண்ட ஆலையை நடத்துபவர், அதன் ஆபத்துகளையும் அவற்றைச் சமாளிக்கும் வழிகளையும் தொழிலாளர்களுக்கு மட்டுமன்றி, சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் பொதுமக்களில் என் மருமகனும் ஒருவர். துண்டறிக்கை வீடு வந்து சேர்ந்தது. ஆனால், தகவல் அவரை வந்து சேரவில்லை.

நலப் பொருளாதாரத்தில் அமர்த்திய சென் இந்த நிலையை விளக்கும் கருத்தொன்றை முன்வைத்திருக்கிறார். மாற்றுத்திறனாளிகள் இரு வகையில் இழப்பைச் சந்திக்கிறார்கள் என்கிறார் அவர். ஒன்று, சம்பாதிப்பதில் உள்ள இடர்ப்பாடு. மற்றொன்று, கையில் உள்ள பணத்தை நல்வாழ்வாக மாற்றுவதில் உள்ள இடர்ப்பாடு. ஒரே அளவு வருமானம் இருவரிடம் இருந்தாலும், அதிலிருந்து இருவரும் ஒரே அளவு பயனைப் பெற முடிவதில்லை. தகவலுக்கும் இது அப்படியே பொருந்தும். ஒரே துண்டறிக்கை இரண்டு வீடுகளுக்கும் வருகிறது. ஒரு வீட்டில் அது பாதுகாப்பாக மாறுகிறது. மற்றொரு வீட்டில் வெறும் காகிதமாகக் கிடக்கிறது.

இந்த இடைவெளியைக் குறைக்க உலகின் பல நாடுகள் கையாளும் முறைக்கு 'எளிய வாசிப்பு' என்று பெயர். ஸ்வீடனில் '8 சீடோர்' என்ற எளிய மொழிச் செய்தித்தாள் 1984 முதல் வெளிவருகிறது. எளிய வாசிப்புக்கான ஐரோப்பிய வழிகாட்டி நெறிகளை 'இன்க்ளூஷன் யூரோப்' அமைப்பு 2009-இல் வெளியிட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள், உள்ளாட்சி அமைப்புகள், தேர்தல் துறை எனப் பலவும் எளிய வாசிப்பு ஏடுகளை வெளியிடுகின்றன. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில், நோயாளிக்குப் புரியும் வடிவில் தகவல் தருவது 2016 ஜூலை 31 முதல் கட்டாயம்.

எளிய வாசிப்பின் இலக்கணம் சிக்கலானதன்று. ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்து மட்டுமே இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். கடினமான சொல்லைத் தவிர்க்க முடியாவிட்டால், அந்த இடத்திலேயே அதன் பொருளைச் சொல்ல வேண்டும். உருவகமும் சிலேடையும் கூடாது. ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் ஒரு படம் வேண்டும். அந்தப் படம் அலங்காரத்துக்கானது அல்ல. வாக்கியம் சொல்வதையே அதுவும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்காக எழுதப்படுகிறதோ அவர்களையும் சேர்த்துக்கொண்டே அதை உருவாக்க வேண்டும்.

இந்தப் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. பிரிட்டனில் 'ஃபோட்டோசிம்பல்ஸ்' என்ற நிறுவனம், எளிய வாசிப்பு ஏடுகளுக்கென்றே ஒரு புகைப்படத் தொகுப்பை உருவாக்கி வழங்கி வருகிறது. மருத்துவரிடம் பேசுதல், மாத்திரை சாப்பிடுதல், வாக்களித்தல், வங்கியில் கையெழுத்திடுதல், கோபப்படுதல், புகார் கொடுத்தல் என அன்றாட வாழ்வின் ஒவ்வொரு செயலுக்கும் அதில் படம் உண்டு. அந்தப் படங்களில் மாதிரிகளாக நிற்பவர்கள் அறிவுசார் குறைபாடு உடையவர்கள். அந்நாட்டில் இதைக் 'கற்றல் குறைபாடு' என்கிறார்கள். நம் நாட்டில் அச்சொல் எழுத்துகளை வாசிப்பதில் ஏற்படும் தனிப்பட்ட சிக்கலைக் குறிப்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அதே நாட்டில், மனநல மருத்துவரான ஷீலா ஹாலின்ஸ் 1989-இல் தொடங்கிய 'சொற்களுக்கு அப்பாற்பட்ட நூல்கள்' வரிசை, இறப்பு, நோய், நீதிமன்றம் போன்றவற்றைச் சொற்களே இல்லாத படக்கதைகளாக விளக்குகிறது. லீட்ஸ் நகரின் 'சேஞ்ச்' அமைப்பு, அறிவுசார் குறைபாடு உடையவர்களைச் சம ஊதியத்தில் பணியமர்த்தி எளிய வாசிப்பு ஏடுகளைத் தயாரித்தது. இவையெல்லாம் ஒரு செய்தியைச் சொல்கின்றன: தகவலைப் பெறுபவர் அதன் தயாரிப்பிலும் பங்கேற்கலாம், அந்தப் பங்கேற்பு ஒரு தொழிலாகவும் அமையலாம்.

படிமாதிரி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது விளம்பர உலகம். டவுன் நோய்க்குறி உள்ள பிரிட்டிஷ் இளம்பெண் எல்லி கோல்ட்ஸ்டீன் 2020-இல் குச்சி நிறுவனத்தின் அழகுப்பொருள் விளம்பரத்தில் தோன்றியது உலகெங்கும் பேசப்பட்டது. அது பாராட்டத்தக்கதே. ஆனால், நான் இங்கே சொல்வது அந்தப் புகழ் வெளிச்சத்தைப் பற்றியதன்று. மருந்தகத்தின் முன்னால் வரிசையில் நிற்கும் படம், தடுப்பூசி போட்டுக்கொள்ளும் படம் போன்ற, யாரும் கைதட்டாத படங்களைப் பற்றியது.

ஏன் அவர்களே மாதிரிகளாக நிற்க வேண்டும்? ஒரு நடிகரையோ ஓவியத்தையோ பயன்படுத்தினால் போதாதா? எனக்கும் இந்த ஐயம் இருந்தது. என் கைப்பேசியே அதைத் தீர்த்து வைத்தது. அந்தத் துண்டறிக்கையை எளிய தாளாக மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மருமகனும் அமர்ந்தோம். 'ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்' என்பது வாக்கியம். அவர் துண்டை முகத்தில் வைத்துக்கொள்ள, நான் படமெடுத்தேன். படத்தைப் பார்த்தவர் தலையசைத்தார். 'ஈரம்னு எப்படி மாமா தெரியும்? தண்ணி சொட்டணும்ல?' என்றார். பிறகு அவரே வாளியைக் கொண்டுவந்து, துண்டை நனைத்து, பிழியாமல் தூக்கிப் பிடித்தார். இப்போது படம் பேசியது.

நான் கவனிக்கத் தவறியதை அவர் கவனித்தார். எழுத்தை நம்பிப் பழகியவன், படத்தில் விடுபட்டதைச் சொற்களால் நிரப்பிக்கொள்கிறான். படத்தை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, குறையை அவரே முதலில் காண்கிறார். மாதிரியாக நிற்பவருக்குப் படத்தின் பொருள் புரியவில்லை என்றால், அதைப் பார்க்கப்போகிறவருக்கும் புரியாது. தனியாகச் செய்ய வேண்டிய பரிசோதனையில் பாதி, படமெடுக்கும் இடத்திலேயே நடந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் மரியாதை சார்ந்தது. நம் மருத்துவமனைகளில் அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் சென்றால், மருத்துவர் அவரைப் பார்த்துப் பேசுவது அரிது. உடன் வந்த தாயிடமே பேசுவார். மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார், தாய் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார் என்று ஒரு படம் இருந்தால், அது நோயாளிக்கு மட்டுமன்று, மருத்துவருக்கும் ஒரு பாடம். அறிவுசார் குறைபாடு உடைய பெரியவர்களைக் குழந்தைகளாகவே சித்திரிக்கும் நம் வழக்கத்தையும் இத்தகைய படங்கள் மெல்ல மாற்றும்.

படங்களின் வழியாகத் தகவல் சொல்வது நமக்குப் புதிதன்று. 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், எழுத்தறியாத கோடிக்கணக்கான வாக்காளர்களுக்காக இந்தியா சின்னங்களைப் பயன்படுத்தியது. 2015 முதல் வேட்பாளரின் புகைப்படமும் வாக்குச்சீட்டில் இடம்பெறுகிறது. குடும்பநலத் திட்டத்தின் சிவப்பு முக்கோணம் ஒரு தலைமுறைக்கே பரிச்சயம். உலக அளவில் இதற்கு முன்னோடியாக இருந்தவர்களில் ஒருவர் பொருளாதார அறிஞர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வியன்னாவின் ஆட்டோ நியூராத் 1925-இல் அங்கே சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கி, புள்ளிவிவரங்களைச் சாதாரணத் தொழிலாளிக்கும் விளங்கும் பட மொழியாக மாற்றினார். 'ஐசோடைப்' என்று பின்னாளில் பெயர்பெற்ற முறை அது.

நம் சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, எளிய மொழியையும் தகவல்தொடர்பு வடிவங்களில் ஒன்றாக அங்கீகரிக்கிறது. பொதுக் கட்டடங்களில் பிரெய்லியிலும், எளிதில் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வடிவிலும் அறிவிப்புகள் வேண்டும் என்கிறது. இந்தியா அதை 2007-இல் ஏற்பளித்தது. நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல்தொடர்புக்குத் தரும் வரையறையில் எளிய மொழியும் காட்சி வடிவங்களும் அடங்கும். அச்சு, ஒலி, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அதன் 42-ஆம் பிரிவு.

2024 நவம்பர் 8-இல் உச்சநீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் அளித்த தீர்ப்பு, அணுகல் வசதிக்கான நெறிகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருக்க முடியாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று வலியுறுத்தியது. ஆனால், 'அணுகல்' என்றால் சாய்தளமும் மின்தூக்கியும் என்றே நாம் பெரும்பாலும் புரிந்துகொள்கிறோம். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குப் படிக்கட்டு தடையன்று, படிவமே தடை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 லட்சத்துக்கும் அதிகமானோர் அறிவுசார் குறைபாடு உடையவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இந்த எண்ணிக்கைக்காக இவ்வளவு முயற்சி தேவையா என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் கணக்கை நினைவூட்டுகிறேன். அதே கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தின் எழுத்தறிவு 84 விழுக்காடு. அதாவது, ஏழு வயதுக்கு மேற்பட்ட ஆறு பேரில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை ஆலைகளில் உழைக்கும் ஒடிசா, பிகார், அசாம் தொழிலாளர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பார்வை மங்கிய முதியோருக்குப் பொடி எழுத்து தெரியாது.

நாங்கள் தயாரித்த தாளைத் தங்கை சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தார். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒடிசா இளைஞர் ஒருவர் அதைக் கண்டு, தம் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு சென்றார். ஒருவருக்காகக் கட்டப்படும் சாய்தளத்தில் தள்ளுவண்டிக்காரரும் ஏறுவதைப் போன்றதுதான் இது.

பொருளாதாரத்தில் இதைப் பொதுப்பண்டம் என்போம். ஒரு படத்தை ஒரு துறை பயன்படுத்துவதால் மற்றொரு துறைக்கு அது குறைந்துவிடுவதில்லை. முதல் படத்தை எடுக்கத்தான் செலவு. அடுத்தடுத்த பயன்பாட்டுக்குச் செலவு ஏறத்தாழ இல்லை. இத்தகைய பண்டத்தைச் சந்தை போதிய அளவில் தராது என்பது பாடநூல் விதி. ஆகவே, இது அரசு முன்னின்று செய்ய வேண்டிய பணி. வெளிநாட்டுப் படத்தொகுப்பை விலைக்கு வாங்குவதும் தீர்வாகாது. நம் நியாயவிலைக் கடையும், 108 ஊர்தியும், அரசு மருத்துவமனையின் மருந்து வழங்குமிடமும், புறநகர் ரயில் நிலையமும் அவற்றில் இருக்கப்போவதில்லை.

தமிழுக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. நம் பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வெகுவாக விலகி நிற்கின்றன. காதால் மட்டுமே மொழியைக் கற்ற ஒருவருக்கு 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பது அயல்மொழிக்குச் சமம். சொற்கள் புணர்ந்து நீள்வது எழுத்துக்கூட்டிப் படிப்பவரைத் திணறடிக்கும். எனவே சொற்களைப் பிரித்து எழுத வேண்டும். செயப்பாட்டு வினையைத் தவிர்க்க வேண்டும். 'சங்கு ஊதும். வெளியே வாருங்கள். துணியை நனையுங்கள். மூக்கை மூடுங்கள்' என்று எழுதலாம். அதே வேளையில், எளிமை என்ற பெயரில் 'நீ வா, நீ போ' என்று எழுதிவிடக் கூடாது. வாசிப்பவர் வயது வந்தவர்.

ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் புகைப்படம் என்றாலே நம் நாட்டில் உதவி வழங்கும் விழாப் படம்தான். கொடுப்பவரின் முகம் பெரிதாகவும், பெறுபவரின் முகம் குனிந்தும் இருக்கும். நன்கொடைக்காக இரக்கத்தைத் தூண்டும் படங்களும் ஏராளம். காட்சி ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிப்பது பற்றி 2024 ஜூலையில் நிபுண் மல்ஹோத்ரா வழக்கில் உச்சநீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. அவர்களைப் பற்றிய சித்திரிப்பில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்பது அவற்றின் உயிர்க்கருத்து.

ஒப்புதல் என்பதும் நுட்பமான விஷயம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்டப்படியான பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளியின் தரவுகளுக்குப் பாதுகாவலரின் ஒப்புதலைக் கேட்கிறது. பாதுகாவலரின் கையெழுத்து மட்டும் போதாது என்பது என் கருத்து. படம் எதற்கு, எங்கே வெளியாகும், யார் பார்ப்பார்கள் என்பதைப் படங்களைக் கொண்டே விளக்கி, படத்தில் நிற்பவரிடமும் சம்மதம் பெற வேண்டும். பின்னாளில் வேண்டாம் என்றால் விலகும் உரிமையும் வேண்டும். நாங்கள் எடுத்த படங்களில் ஒன்றை மருமகன் நீக்கச் சொன்னார். 'பனியனோட இருக்கேன், வேண்டாம்' என்றார். இவருக்கு என்ன தெரியும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சொல்லை எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது ஊதியம். விளம்பரத்தில் நிற்பவருக்குப் பணம் தருகிறோம். அறிவிப்பில் நிற்பவருக்கு ஒரு சால்வையும் நன்றியும் போதும் என்று கருதக் கூடாது. அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவுகளுக்கு ஒரு விழுக்காடு உண்டு. ஆனால், அவர்கள் செய்யத்தக்க வேலை எது என்று கேட்டால் மெழுகுவத்தி, காகித உறை என்பதற்கு மேல் நம் கற்பனை செல்வதில்லை. மாதிரியாக நிற்பதும், தாள் புரிகிறதா என்று சோதித்துச் சொல்வதும் வேறு எவராலும் அவர்கள் அளவுக்குச் செய்ய முடியாத வேலைகள். இங்கே அவர்களின் அனுபவமே தகுதி.

எளிய வாசிப்பு எல்லாக் கதவுகளையும் திறந்துவிடாது என்பதையும் ஏற்கிறேன். மிகத் தீவிரமான குறைபாடு உள்ளவருக்குத் தாளோடு ஒரு துணையும் தேவை. சுருக்குகிறோம் என்ற பெயரில் முக்கியமான செய்தியை விட்டுவிடும் அபாயமும் உண்டு. ஆதலால் ஒவ்வொரு தாளையும் துறை வல்லுநர் ஒருவரும், அதைப் பயன்படுத்தப்போகிறவர்கள் சிலரும் சேர்ந்தே இறுதி செய்ய வேண்டும்.

இதற்கான ஆற்றல் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. பேச இயலாத குழந்தைகள் படங்களைத் தொட்டுப் பேச உதவும் 'ஆவாஸ்' என்ற கருவியைச் சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கினார். அதில் வித்யாசாகர் அமைப்பின் பங்களிப்பும் உண்டு. படத்தின் வழியே மொழியைக் கொடுக்க முடியும் என்பதை இந்த நகரம் முன்பே காட்டிவிட்டது.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஒரு தமிழ்ப் புகைப்படத் தொகுப்பை உருவாக்கி, எந்தத் துறையும், எந்தப் பஞ்சாயத்தும், எந்த ஆலையும் கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. வாயுக் கசிவு, வெள்ளம், 108 அழைப்பு, மாத்திரை உண்ணும் முறை, வங்கிக் கணக்கு, வாக்களிப்பு, உதவித்தொகை விண்ணப்பம், வன்கொடுமைப் புகார் என எட்டுத் தாள்களோடு தொடங்கலாம். முதல் தாளை ஆபத்தோடு அன்றாடம் வாழும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இதற்கு ஒரு சிறு பங்கைக் கேட்பதிலும் தவறில்லை.

என் தங்கைக்கு அறுபது வயதாகிவிட்டது. 'எல்லாத்தையும் நான்தான் அவனுக்குப் படிச்சுச் சொல்றேன். எனக்கு அப்புறம் யாரு அண்ணா?' என்று ஒருநாள் கேட்டார். உறவினர் என்ற முறையில் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அந்தக் கேள்விக்குக் குடும்பம் மட்டும் விடை தர முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் படித்துச் சொல்ல ஒரு தாய் என்றென்றும் இருப்பார் என்ற எண்ணத்தில் அரசும் ஆலைகளும் அறிவிப்புகளை அச்சிட்டுக்கொண்டிருக்க முடியாது. அவர் இல்லாத நாளிலும் அவருடைய மகனுக்குப் புரியும் தாள் ஒன்று சுவரில் இருக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு)